பாக்கெட்டின் வாலில் ஒட்டிய 17 பைட்டுகள்

பிங் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். "இருக்கிறாயா?" என்று ஒரு கணினி கேட்கும், "இருக்கிறேன்" என்று இன்னொன்று பதில் சொல்லும். அவ்வளவுதான். அந்தப் பதிலின் வாலில், பதில் சொன்ன கணினியின் நினைவகத்திலிருந்து ஒரு துண்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்தால்? அதுவும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வேறு வேறு துண்டு வந்தால்?

2003 ஜனவரியில் அட்ஸ்டேக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஓஃபிர் ஆர்க்கின், ஜோஷ் ஆண்டர்சன் இருவரும் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொன்னது. அதன் பெயர் "ஈதர்லீக்". ஒரே ஒரு பைட் தகவலை வைத்து பிங் அனுப்பு, வரும் பதிலைப் பிடித்து கடைசி 17 பைட்டுகளைப் பார். அங்கே பூஜ்யங்கள் இருக்க வேண்டும். பல கணினிகளில் பூஜ்யத்துக்குப் பதில் குப்பை இருந்தது. அந்தக் குப்பையில் முன்பு போன பாக்கெட்டுகளின் துண்டுகள், கர்னல் நினைவகத்தின் துண்டுகள்... யாருடையது என்று கேட்காமல் எல்லாம் இருந்தன. தவறு ஒரு நிறுவனத்தின் ஒரு கார்டில் இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத டிரைவர்கள் பலவற்றில் இருந்தது.

எப்படி இத்தனை பேர் ஒரே தவறைச் செய்தார்கள்? இதற்கு விடை தேடினால் நெட்வொர்க் டிரைவர்களின் இருபது ஆண்டு வரலாறே விரிகிறது.

முதலில் அந்த 17 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஈதர்நெட் பாக்கெட்டின் முகப்பில் 14 பைட் ஹெட்டர் இருக்கும். பெறுபவர் முகவரி 6, அனுப்புபவர் முகவரி 6, உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்ல 2. இதைத்தான் டிரைவர் எழுதுபவர்கள் வன்பொருள் ஹெட்டர் என்பார்கள். அதற்குப் பின் ஐபி ஹெட்டர் 20, பிங்கின் ஐசிஎம்பி ஹெட்டர் 8, தகவல் 1. மொத்தம் 43. ஆனால் ஈதர்நெட்டில் 60 பைட்டுக்குக் குறைவாக எதையும் அனுப்பக்கூடாது (கடைசியில் கார்டு சேர்க்கும் 4 பைட் சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்தால் 64). 60-ல் 43 போனால் 17. ஏஆர்பி பாக்கெட் என்றால் இன்னும் மோசம், 14-ம் 28-ம் சேர்ந்து 42 தான், 18 பைட் குறையும்.

ஏன் 64? பழைய ஈதர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளில் தொங்கின. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல். அந்த மோதல் நடந்த செய்தி கேபிளின் மறுகோடியிலிருந்து திரும்பி வருவதற்குள் அனுப்புபவர் அனுப்பி முடித்துவிட்டால், மோதியதே அவருக்குத் தெரியாது. அதனால் குறைந்தபட்சம் இவ்வளவு நேரமாவது பேசிக்கொண்டே இரு என்று விதி வைத்தார்கள். 10 மெகாபிட் வேகத்தில் அது 51.2 மைக்ரோ வினாடி, அதாவது 512 பிட், அதாவது 64 பைட்.

சொல்ல ஒன்றுமில்லாதபோதும் பேச வேண்டும் என்றால் எதையாவது இட்டு நிரப்பத்தானே வேண்டும்? 1984-ல் வந்த ஆர்.எஃப்.சி 894 (ஈதர்நெட்டில் ஐபி பாக்கெட்டை எப்படி அனுப்புவது என்ற ஆவணம்) அதைப் பூஜ்யங்களால் நிரப்பச் சொன்னது. நல்லது. ஆனால் யார் நிரப்புவது? ஐபி அடுக்கா, டிரைவரா, கார்டா? அங்கேதான் ஓட்டை விழுந்தது. மூன்று பேர் இருக்கும் வீட்டில் "யாராவது கதவைப் பூட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போன மாதிரி.

சரி, டிரைவர் பக்கம் வருவோம். ஒரு பாக்கெட் கர்னலுக்குள் பயணிக்கும்போது ஒவ்வொரு அடுக்கும் தன் ஹெட்டரை முன்னால் ஒட்டும். டிசிபி 20 பைட் ஒட்டும், ஐபி 20 ஒட்டும், கடைசியில் ஈதர்நெட் 14 ஒட்டும். தகவல் ஏற்கெனவே நினைவகத்தில் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் இடமில்லை என்றால்? முழுவதையும் வேறு இடத்துக்கு நகல் எடுக்க வேண்டும். 1980-களின் கணினிகளில் நகல் எடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய செலவு. ஆகவே "முன்னால் எவ்வளவு இடம் விடுவது" என்பதே இந்தத் துறையின் முதல் பெரிய கேள்வியானது.

1983-ல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸின் விடை எம்பஃப். ஒவ்வொன்றும் 128 பைட், அதில் தகவலுக்கு 112. பெரிய பாக்கெட் என்றால் பூச்சரம் மாதிரி ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டே போகலாம். ஹெட்டர் வைக்க முன்னால் இடமிருந்தால் சுட்டியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்து. இல்லையென்றால் புதிதாக ஒரு எம்பஃப் எடுத்து சரத்தின் தலையில் கட்டு. தகவல் இருந்த இடத்திலேயே இருக்கும். அழகான யோசனை. ஆனால் டிரைவர் எழுதுபவருக்குத் தலைவலி. ஒரே பாக்கெட் நான்கைந்து துண்டுகளாக வரும், அன்றைய பல கார்டுகளுக்கோ ஒரே நீளமான துண்டுதான் வேண்டும்.

பெர்க்லிக்காரர்கள் நகலைத் தவிர்க்க எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. வாக்ஸ் கணினியில் நினைவகப் பக்கம் 512 பைட். தகவல் சரியாகப் பக்க எல்லையில் தொடங்கினால் நகலே எடுக்க வேண்டாம், பக்க அட்டவணையை மாற்றி எழுதினால் போதும். ஆனால் முன்னால் நிற்கும் டிசிபி, ஐபி ஹெட்டர்கள் அந்த எல்லையைக் கெடுக்கின்றன. அப்படியானால் ஹெட்டர்களைத் தூக்கிப் பின்னால் போட்டுவிடு! இதற்கு டிரெய்லர் என்று பெயர். சாமுவேல் லெஃப்ளர், மைக்கேல் கேரல்ஸ் இருவரும் 1984-ல் ஆர்.எஃப்.சி 893-ஆக எழுதி வைத்தார்கள். ஈதர்நெட் ஹெட்டர் மட்டும் முன்னால், அடுத்து தகவல், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஐபியும் டிசிபியும். ஹெட்டருக்கே வால் என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? :-)

வாக்ஸ் வாக்ஸோடு பேசும்வரை எல்லாம் சுகமாக நடந்தது. வேறு இயந்திரம் வந்ததும் குழப்பம். அதற்கு இந்த முறை தெரியாது, பாக்கெட்டைப் பார்த்து விழித்தது. சின்ன பிங் போகும் (512 பைட் கூட இல்லையே), ஆனால் பெரிய கோப்பு போகாது. இந்த மாதிரிப் பிழையைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் எத்தனை இரவு விழித்தார்களோ. 1989-ல் வந்த ஆர்.எஃப்.சி 1122, எதிர்முனை ஒப்புக்கொண்டால் ஒழிய டிரெய்லர் கூடாது என்றது. பிறகு அது வழக்கொழிந்தே போனது.

லினக்ஸ் வேறு வழியில் போனது. 1992-ல் ராஸ் பைரோ தொடங்கி, ஃபிரெட் வான் கெம்பன் மாற்றியெழுதி, ஸ்வான்சீ பல்கலைக்கழகக் கணினிச் சங்கத்தில் இருந்த ஆலன் காக்ஸ் கைக்கு வந்தது லினக்ஸின் நெட்வொர்க் கோட். அங்கே பாக்கெட்டின் வீடு எஸ்கே-பஃப். துண்டு துண்டாக இல்லாமல் ஒரே நீளமான பஃபர். 1996 அக்டோபர் லினக்ஸ் ஜர்னலில் ஆலன் காக்ஸே இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதில் விளக்கப்படும் நான்கு செயல்கள் இன்றும் மாறவில்லை. ரிசர்வ் என்றால் முன்னால் இடம் விடு. புட் என்றால் பின்னால் நீட்டு. புஷ் என்றால் முன்னால் ஒட்டு. புல் என்றால் முன்னால் இருப்பதைக் கழற்று.

இதைப் புரிந்துகொள்ள ஓடும் ரயிலை நினைக்க வேண்டாம், ஒரு நோட்டுப் பக்கம் போதும். நடுவில் எழுதத் தொடங்குகிறார் ஒருவர். மேலே ஓரம் விட்டிருக்கிறார், தலைப்புகள் பிறகு வரும் என்று. டிசிபி ஒரு தலைப்பை எழுதும், அதற்கு மேலே ஐபி ஒன்று எழுதும், அதற்கும் மேலே ஈதர்நெட் ஒன்று. மேலே எவ்வளவு ஓரம் விட வேண்டும் என்பதை டிரைவர் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். ஈதர்நெட்டுக்கு 14. கர்னல் அதை 16-ஆக ஏற்றிக்கொள்ளும். பெறும் பக்கத்தில் இதற்கு நேர் எதிர். ஈதர்நெட் டிரைவர் வகையைப் படித்துவிட்டு 14 பைட்டைக் கழற்றி மேலே அனுப்பும்.

இந்த 14 என்ற எண் ஒரு சனியன். 4-ஆல் வகுபடாது. ஆகவே பாக்கெட்டை 4-ன் மடங்கான முகவரியில் இறக்கினால் ஐபி ஹெட்டர் கோணலாக உட்காரும். இன்டெல் எக்ஸ்86 கண்டுகொள்ளாது, ஸ்பார்க் போன்ற சிப்கள் முரண்டு பிடிக்கும். அதனால் டிரைவர்கள் பாக்கெட் வருவதற்கு முன்பே 2 பைட் தள்ளி இடம் போட்டு வைப்பார்கள். 14-ம் 2-ம் 16, கணக்கு சரி. பெரிய தத்துவம் எதுவும் இல்லை, இரண்டே பைட். ஆனால் அந்த இரண்டு பைட் தள்ளியதால் சில கார்டுகள் தாமாக நினைவகத்தில் எழுதும் வேகம் குறைந்தது. 2010-ல் எக்ஸ்86-க்கு மட்டும் அந்த 2-ஐ 0 ஆக்கிவிட்டார்கள்.

வன்பொருள் ஹெட்டரை எழுதும் வேலையும் எளிதாக இருந்ததில்லை. யாருக்கு அனுப்புகிறோம் என்ற ஈதர்நெட் முகவரி ஏஆர்பி பதில் வந்தால்தான் தெரியும். ஆகவே பழைய லினக்ஸில் ஒவ்வொரு டிரைவரிடமும் இரண்டு செயல்கூறுகள் இருந்தன. ஒன்று ஹெட்டரை எழுதும். முகவரி தெரியாவிட்டால் பாதியில் விடும். இன்னொன்று பிறகு வந்து மிச்சத்தை நிரப்பும். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கர்னலில் இவை டிரைவரிடமிருந்து எடுக்கப்பட்டு தனிப் பட்டியலாகின. அந்த இரண்டாவது செயல்கூறு 2015-ல் ஒரேயடியாகப் போய்விட்டது.

மேல் ஓரம் போதாவிட்டால் என்ன ஆகும்? கர்னல் சும்மா விடாது. புஷ் செய்யும்போது பஃபரின் தொடக்கத்தைத் தாண்டினால் அங்கேயே கணினியை நிறுத்திவிடும். கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் பக்கத்து நினைவகத்தில் யாருடைய தகவலையோ அழித்து எழுதுவதைவிட நின்றுபோவது மேல். வை-ஃபை, டனல் போன்றவை வந்தபோது 14 என்ற எண் போதாமல் போனது. 802.11 ஹெட்டரே 24 பைட்டில்தான் தொடங்கும். 2008-ல் "எனக்கு இதற்கு மேல் இவ்வளவு ஓரம் வேண்டும்" என்று சாதனமே கேட்கும்படி புதிய எண் ஒன்று சேர்த்தார்கள். 2016-ல் வந்த எக்ஸ்டிபியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் 256 பைட் விடுவது வழக்கமானது. 14 எங்கே, 256 எங்கே!

கவனித்துப் பார்த்தால் இதெல்லாம் மேல் ஓரத்தின் கதை. மேல் ஓரத்தை எல்லோரும் காவல் காத்தார்கள், தாண்டினால் கணினியே நிற்கும். கீழ் ஓரத்தில் டிரைவர் தன்னிஷ்டத்துக்கு நீளத்தைக் கூட்டிச் சொன்னால் அதைக் கேட்க ஆளில்லை.

லினக்ஸின் ஆரம்ப ஈதர்நெட் டிரைவர்களில் பெரும்பகுதியை எழுதியவர் டொனால்ட் பெக்கர். 1994-ல் தாமஸ் ஸ்டெர்லிங்கோடு நாசாவில் பியோவுல்ஃப் கிளஸ்டரைக் கட்டிய அதே பெக்கர். மலிவான கணினிகளைக் கேபிளால் கோர்த்து சூப்பர் கம்ப்யூட்டர் செய்ய நல்ல டிரைவர்கள் வேண்டுமல்லவா? அவரே உட்கார்ந்து எழுதினார். மற்றவர்களும் எழுத வேண்டும் என்று ஸ்கெலிட்டன்.சி என்று ஒரு மாதிரிக் கோப்பும் போட்டு வைத்தார். அதை எடு, உன் கார்டுக்கேற்ப ஓட்டைகளை நிரப்பு, டிரைவர் தயார். லினக்ஸ் இத்தனை கார்டுகளை ஆதரித்ததில் அந்தக் கோப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த மாதிரியில் அனுப்பும் பகுதியில் ஒரு வரி இருந்தது. தமிழில் சொன்னால்: பாக்கெட்டின் நீளம் 60-க்கு மேல் என்றால் அதையே நீளமாக வைத்துக்கொள், குறைவு என்றால் நீளம் 60 என்று வைத்துக்கொள். அடுத்த வரியில் பஃபரின் தொடக்க முகவரி. பிறகு "இந்த முகவரியிலிருந்து இவ்வளவு நீளம் அனுப்பு" என்று கார்டிடம் சொல்வது.

பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. பாக்கெட் 60 பைட் ஆகிவிட்டது, எதிர்முனை வாங்கிக்கொள்ளும், நெட்வொர்க் வேலை செய்யும். ஆனால் நீளத்தைச் சொல்லும் எண்தான் 60 ஆனது, தகவல் இன்னும் 43 தான். மீதி 17 பைட்டை கார்டு எங்கிருந்து எடுக்கும்? பஃபரில் அடுத்துக் கிடப்பதிலிருந்து. கர்னல் ஒரு பஃபரைக் கொடுக்கும்போது துடைத்துக் கொடுப்பதில்லை, அது வீண் செலவு. முன்பு அந்த இடத்தில் என்ன இருந்ததோ அது அப்படியே கிடக்கும். வாடகை வீட்டைக் காலி செய்தவர் அலமாரியில் விட்டுப்போன கடிதங்கள் மாதிரி.

என்இ2000 வகைப் பழைய கார்டுகளில் வேறு விதம். அவற்றில் கார்டிலேயே கொஞ்சம் நினைவகம் உண்டு. 43 பைட்டை மட்டும் அங்கே நகல் எடுத்துவிட்டு 60 அனுப்பு என்றால், கார்டில் முந்தைய பாக்கெட் விட்டுப்போன மிச்சம் போகும். டிரைவரே தனக்கென ஒரு பஃபர் வைத்திருந்தால் அதன் பழைய மிச்சம் போகும். மூன்று வழி, ஒரே விளைவு.

பத்து ஆண்டுகளாக யாரும் ஏன் பார்க்கவில்லை? பெறுபவர் அந்த 17 பைட்டைத் தொடுவதே இல்லை. ஐபி ஹெட்டரில் "மொத்தம் 29" என்று எழுதியிருக்கும், அதோடு நிறுத்திவிடும். மிச்சத்தை எறிந்துவிடும். பாக்கெட்டைப் பிடித்து எண்களாகக் காட்டும் கருவியில் மட்டும் தெரியும். அங்கேயும் "வெறும் பேடிங்தானே" என்று கண் தாண்டிப் போய்விடும்.

பெக்கரின் 1993 டிரைவர்கள் சிலவற்றின் தலையில் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையின் இயக்குநர் பெயரில் காப்புரிமை வாசகம் இருக்கும். ஆகா, உளவு வேலை என்று கதை கட்ட இது போதும். ஆனால் கதை நிற்காது. லினக்ஸைப் பார்க்காமலே எழுதப்பட்ட டிரைவர்களிலும் இதே தவறு இருந்தது. மைக்ரோசாஃப்டும் தன் ஆவணங்களில் கொடுத்திருந்த மாதிரிக் கோடை அப்படியே கம்பைல் செய்தால் இந்தப் பிரச்சினை வரக்கூடும் என்று ஒப்புக்கொண்டு மாதிரிகளைத் திருத்தியது. அங்கேயும் மாதிரிக் கோடுதான்!

ஆபத்து எவ்வளவு? மிகைப்படுத்தவும் வேண்டாம். அந்த 17 பைட் ஒரே உள் வலையில் இருப்பவருக்குத்தான் தெரியும். ரவுட்டரைத் தாண்டும்போது பாக்கெட் புதிய ஈதர்நெட் சட்டையைப் போட்டுக்கொள்ளும், பழைய பேடிங் உதிர்ந்துவிடும். ஆனால் ஒரு விடுதியில், ஒரு அலுவலகத்தில், ஒரே அறையில் பலரின் சர்வர்கள் இருக்கும் இடத்தில் பக்கத்தில் இருப்பவர்தானே கவலை? 17 பைட் சின்னதுதான். அதில் ஒரு பாஸ்வேர்டு தாராளமாக உட்காரும். பிங்கை ஆயிரம் முறை அனுப்புவதற்கும் காசு கிடையாது. சுவிட்ச் வைத்துப் பிரித்துவிட்டோம், ஒருவர் பாக்கெட்டை மற்றவர் பார்க்க முடியாது என்று நிம்மதியாக இருந்தவர்களுக்குத்தான் இது பெரிய அடி.

சி.வி.இ-2003-0001 என்ற எண் இதற்குக் கிடைத்தது. அந்த ஆண்டின் முதல் எண். லினக்ஸில் டிரைவர் டிரைவராகத் தேடித் திருத்தினார்கள். பேட்-டு என்று ஒரு செயல்கூறு வந்தது, குறையும் இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பித் தரும். ஏஎம்டியின் பிசிநெட் போன்ற சில சிப்களுக்குத் தானே நிரப்பத் தெரியும், சொன்னால் போதும். திருத்தமும் ஒழுங்காக முடியவில்லை. முதலில் வந்த பேட்-டு, இடம் போதாவிட்டால் புதிய எஸ்கே-பஃப் ஒன்றைச் செய்து கொடுத்தது. டிரைவர் "இப்போது முடியாது, பிறகு வா" என்று பாக்கெட்டைத் திருப்பினால், மேலே இருப்பவர் கையில் பழைய சுட்டி, அது ஏற்கெனவே விடுவிக்கப்பட்டது. 2006-ல் ஹெர்பர்ட் சூ அதை மாற்றி, இருக்கும் எஸ்கே-பஃபிலேயே நிரப்பும்படி செய்தார்.

மாற்றம் அழகாகத் தெரிவது ஒரு பாடப்புத்தகத்தில். லினக்ஸ் டிரைவர் எழுதப் பழகியவர்கள் எல்லோரும் புரட்டிய புத்தகம் "லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்". அதில் எஸ்நல் என்று ஒரு பொம்மை நெட்வொர்க் டிரைவர் வரும். அலெஸ்ஸாண்ட்ரோ ரூபினி, ஜொனாதன் கார்பெட் எழுதிய 2001-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் எஸ்நல்லின் அனுப்பும் பகுதியைத் திறந்தால் அதே வரி. குறைவு என்றால் நீளம் 60 என்று வைத்துக்கொள். 2005-ல் கிரெக் குரோவா-ஹார்ட்மனும் சேர்ந்து எழுதிய மூன்றாம் பதிப்பில் அந்த ஒரு வரி போய் ஒரு சின்னத் தொகுதி வந்திருக்கிறது. 60 பைட்டில் ஒரு தற்காலிகப் பெட்டி, அதை முழுக்கப் பூஜ்யமாக்கு, அதன் மேல் பாக்கெட்டை நகல் எடு, இப்போது அதை அனுப்பு. எந்த நகலைத் தவிர்க்க டிரெய்லர் வரை போனார்களோ, அந்த நகலே இங்கே மருந்தாகிவிட்டது.

2021-லும் ஒரு ஃபயர்வால் தயாரிப்பில் ஈதர்லீக் என்றே பெயர் சொல்லி ஒரு சி.வி.இ பதிவாகியிருக்கிறது. புதிதாக எழுதுபவர் கையில் பழைய மாதிரி கிடைத்துக்கொண்டே இருக்கிறது போலும். இத்தனைக்கும் இன்றைய சுவிட்ச் வலைகளில் ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள், போக வர இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசலாம், மோதலே கிடையாது. 51.2 மைக்ரோ வினாடிக்கு அங்கே வேலையும் இல்லை. ஆனாலும் பாக்கெட் இன்றும் 64 பைட்டுக்குக் குறையக் கூடாது. ஒரு பைட் பிங்குக்கு இன்றும் யாராவது அந்த 17-ஐ நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.